எண்ணெய் இருக்கு, அரசு எங்கே? லிபியாவைக் கட்டி எழுப்ப முடியாமல் தடுக்கும் ‘வால்வு’ அரசியல் - ஒரு விளக்கம்

2024 ஜனவரி. லிபியாவின் தென்மேற்கே, சஹாரா பாலைவனத்தில் இருக்கும் ஷராரா எண்ணெய் வயலுக்குள் உள்ளூர் மக்கள் நுழைந்து உற்பத்தியை நிறுத்தினார்கள். நாளொன்றுக்குச் சுமார் 3 லட்சம் பீப்பாய் எடுக்கக்கூடிய வயல் அது. அவர்களின் கோரிக்கைகள் என்ன தெரியுமா? எங்கள் ஊர் பங்க்குக்கு பெட்ரோல் வர வேண்டும், ரோடு போட வேண்டும், தெற்குப் பகுதிக்கு ஒரு சுத்திகரிப்பு ஆலை வேண்டும்.

எண்ணெய்க் கிணற்றுக்குப் பக்கத்திலேயே குடியிருக்கிறவர்களுக்கு வண்டிக்கு பெட்ரோல் இல்லை. இத்தனைக்கும் லிபியாவில் பெட்ரோலின் அரசு விலை லிட்டருக்கு 0.15 தினார்தான். நம்ம கணக்கில் 3 ரூபாய்க்கும் கீழே. ஒரு தண்ணீர் பாட்டிலைவிட மலிவு.

இரண்டு வாரம் கழித்து வயல் திறக்கப்பட்டது. அதே ஆண்டு ஆகஸ்ட்டில் மறுபடி மூடப்பட்டது. இந்த முறை மூடியவர்கள் வேறு, காரணமும் வேறு.

ஆப்பிரிக்காவிலேயே அதிக எண்ணெய் வளம் உள்ள நாடு லிபியா. உறுதி செய்யப்பட்ட இருப்பு சுமார் 4,800 கோடி பீப்பாய். மக்கள்தொகையோ 70 லட்சம் அளவுதான். கணக்குப்படி பார்த்தால் பணக்கார நாடாக இருந்திருக்க வேண்டும். ஆனால் 2011-ல் நேட்டோ படைகளின் தாக்குதலோடு ஆட்சி மாறியதிலிருந்து இன்றுவரை அந்த நாட்டில் ஒரே அரசு, ஒரே ராணுவம், முழுமையாக ஏற்கப்பட்ட ஒரே பட்ஜெட் என்று எதுவும் நிலைக்கவில்லை. ஏன்?

2011-ல் என்ன நடந்தது?

1969-ல் ராணுவப் புரட்சி மூலம் ஆட்சியைப் பிடித்தவர் முவம்மர் கடாஃபி. 42 ஆண்டுகள் ஆண்டார். கட்சிகளுக்குத் தடை. தனக்கு எதிராகத் திரும்பிவிடுமோ என்ற பயத்தில் ராணுவத்தையும் அவர் வலுவாக வளரவிடவில்லை. எண்ணெய் வருமானத்திலிருந்து மக்களுக்குச் சம்பளமும் மானியமும் கொடுப்பது, எதிர்த்தால் நசுக்குவது. அவருடைய ஆட்சி முறை இவ்வளவுதான்.

2011 பிப்ரவரியில் கிழக்கு நகரமான பெங்காசியில் கிளர்ச்சி வெடித்தது. மார்ச் 17 அன்று ஐ.நா. பாதுகாப்பு கவுன்சில் 1973-ம் எண் தீர்மானத்தை நிறைவேற்றியது. பொதுமக்களைக் காக்க ‘தேவையான எல்லா நடவடிக்கைகளையும்’ எடுக்கலாம் என்று அனுமதித்த தீர்மானம் இது. 10 நாடுகள் ஆதரித்தன. எதிர்ப்பு யாருமில்லை. 5 நாடுகள் வாக்களிக்காமல் ஒதுங்கின: இந்தியா, சீனா, ரஷ்யா, பிரேசில், ஜெர்மனி. அப்போது தற்காலிக உறுப்பினராக இருந்த இந்தியா, லிபியாவில் வேலை பார்த்த 15 ஆயிரத்துக்கும் மேற்பட்ட இந்தியர்களைக் கப்பலிலும் விமானத்திலும் ஊருக்குக் கொண்டுவந்து முடித்த சமயம் அது.

இரண்டே நாளில் பிரான்ஸ் விமானங்கள் குண்டு வீசத் தொடங்கின. மார்ச் இறுதியில் நேட்டோ பொறுப்பேற்றது. அக்டோபர் 20-ல் சிர்தே நகரில் கடாஃபி கொல்லப்பட்டார். அக்டோபர் 31-ல், அதாவது 11 நாளில், நேட்டோ தன் நடவடிக்கையை முடித்துக்கொண்டு கிளம்பிவிட்டது.

போட்ட குண்டுக்கும் கட்டிய வீட்டுக்கும் கணக்கு

இங்கேதான் இராக்கிலிருந்து லிபியா வேறுபடுகிறது. 2003-ல் இராக்கை ஆக்கிரமித்த அமெரிக்கா, அங்கிருந்த ராணுவத்தையே கலைத்துவிட்டுத் தானே நாட்டை நடத்தப் பார்த்தது. அந்தக் கசப்பான அனுபவத்துக்குப் பிறகு, லிபியாவில் தரைப்படையை இறக்க மேற்கு நாடுகள் எதற்கும் விருப்பமில்லை. லிபியாவின் புதிய இடைக்காலத் தலைவர்களும் வெளிநாட்டு வீரர்கள் வேண்டாம் என்றே சொன்னார்கள். கடைசியில் ஐ.நா.வின் ஒரு சிறிய அரசியல் குழு மட்டும் மிஞ்சியது. கையில் துப்பாக்கியோடு நின்ற ஆயிரக்கணக்கான இளைஞர்களிடமிருந்து அதை யார் வாங்குவது? ஆளில்லை.

பிரிட்டன் மட்டும் லிபியா மீதான தாக்குதலுக்குச் செலவிட்டது சுமார் 32 கோடி பவுண்டு. அதன் பிறகு நாட்டைச் சீரமைக்க அந்நாடு கொடுத்தது சுமார் 2.5 கோடி பவுண்டு. 2016-ல் பிரிட்டன் நாடாளுமன்றத்தின் வெளியுறவுக் குழு இந்தத் தலையீட்டைக் கடுமையாக விமர்சித்து அறிக்கை வெளியிட்டது. அதே ஆண்டு அமெரிக்க அதிபர் ஒபாமாவும், கடாஃபிக்குப் பிறகு என்ன என்று திட்டமிடாததுதான் தன் பதவிக்காலத்தின் மிகப் பெரிய தவறாக இருக்கலாம் என்று ஒப்புக்கொண்டார்.

துப்பாக்கி வைத்திருந்தால் சம்பளம்

புதிய அரசிடம் ராணுவம் இல்லை. ஆனால் எண்ணெய்ப் பணம் இருந்தது. அதனால் ஆயுதக் குழுக்களை அடக்குவதற்குப் பதில், அவர்களுக்குச் சம்பளம் கொடுக்கும் வழியைத் தேர்ந்தெடுத்தார்கள். கடாஃபியை எதிர்த்துப் போரிட்டவர்கள் பதிவு செய்துகொள்ளலாம் என்றதும், பட்டியல் 2 லட்சத்தைத் தாண்டியது. உண்மையில் போரிட்டவர்கள் அதில் ஒரு சிறு பங்குதான். சம்பளம் வருகிறது என்றதும் புதுப்புதுக் குழுக்கள் முளைத்தன. குழு பெரிதானால் சம்பளமும் பெரிது. யார் கலைந்து போவார்கள்?

2012 ஜூலையில் முதல் தேர்தல் அமைதியாக நடந்து, எல்லோருக்கும் நம்பிக்கை தந்தது. ஆனால் அடுத்த ஆண்டே, ஆயுதக் குழுக்கள் அமைச்சகங்களைச் சுற்றி வளைத்து நின்ற நேரத்தில், கடாஃபி ஆட்சியில் பதவி வகித்த யாரும் பொறுப்புக்கு வரக் கூடாது என்ற ‘அரசியல் விலக்கல் சட்டம்’ நிறைவேறியது. விளைவு எப்படி இருந்தது என்பதற்கு ஓர் உதாரணம் போதும். அப்போது நாடாளுமன்றத் தலைவராக இருந்த முகமது அல் மகரியஃப், 1980-ல் இந்தியாவுக்கான லிபியத் தூதராக இருந்தபோதே கடாஃபியை எதிர்த்துப் பதவியைத் தூக்கியெறிந்தவர். அதன் பிறகு சுமார் 30 ஆண்டுகள் வெளிநாட்டில் இருந்தபடி போராடியவர். ஒரு காலத்தில் தூதராக இருந்தார் என்பதாலேயே அவரும் பதவி விலக வேண்டியதாயிற்று. நிர்வாகம் தெரிந்தவர்கள் வெளியே, துப்பாக்கி வைத்திருந்தவர்கள் உள்ளே.

2014 தேர்தலுக்குப் பிறகு நாடு இரண்டானது. மேற்கே தலைநகர் திரிபோலியில் ஓர் அரசு. கிழக்கே தோப்ருக் நகரில் நாடாளுமன்றம்; அதன் பின்னால் படைத் தளபதி கலீஃபா ஹஃப்தர். பெயர்களும் பிரதமர்களும் மாறினாலும் இந்தப் பிளவு இன்றும் அப்படியே இருக்கிறது.

எண்ணெய் அங்கே, பணம் இங்கே

சரி, நாடு இரண்டாகப் பிரிந்தும் எண்ணெய் எப்படி ஏற்றுமதியாகிறது? இதுதான் லிபியா விவகாரத்தின் மையம்.

எண்ணெய் வயல்களில் பெரும்பகுதியும் ஏற்றுமதித் துறைமுகங்களும் கிழக்குப் பக்கம். சித்ரா, ராஸ் லனூஃப், பிரேகா, சுவைத்தினா ஆகிய துறைமுகங்கள் அடங்கிய கடலோரத்தை ‘எண்ணெய்ப் பிறை’ என்பார்கள். 2016-லிருந்து இது பெரும்பாலும் ஹஃப்தர் படையின் கையில்.

ஆனால் எண்ணெயை விற்கும் உரிமை, திரிபோலியைத் தலைமையிடமாகக் கொண்ட தேசிய எண்ணெய்க் கழகத்துக்கு மட்டும்தான். விற்ற பணம் போய்ச் சேரும் இடம் அதே திரிபோலியில் உள்ள மத்திய வங்கி. அங்கிருந்துதான் இரண்டு பக்கத்துக்கும் சம்பளம் போகிறது. ஒருவரோடு ஒருவர் சண்டை போடும் படையினருக்குக்கூட ஒரே கஜானாவிலிருந்து சம்பளம் போன காலம் உண்டு.

‘நாங்களே விற்றுக்கொள்கிறோம்’ என்று யாரும் முயற்சி செய்யவில்லையா? செய்தார்கள். எண்ணெய்த் துறைமுகங்களைக் காவல் காக்க நியமிக்கப்பட்ட படையின் தளபதி இப்ராஹிம் ஜத்ரான், 2013-ல் அந்தத் துறைமுகங்களையே முடக்கினார். 2014 மார்ச்சில் ‘மார்னிங் குளோரி’ என்ற டேங்கர் கப்பல், வட கொரியக் கொடியோடு சித்ராவுக்கு வந்து 2 லட்சத்துக்கும் அதிகமான பீப்பாய் எண்ணெயை ஏற்றிக்கொண்டு நழுவியது. அதைத் தடுக்க முடியாத பிரதமர் அலி ஜெய்தானின் பதவி போனது. சில நாளில் சைப்ரஸ் அருகே அமெரிக்கக் கடற்படையின் ‘சீல்’ கமாண்டோக்கள் கப்பலைப் பிடித்து, எண்ணெயோடு திருப்பி அனுப்பினார்கள். உடனே ஐ.நா. பாதுகாப்பு கவுன்சில், லிபிய அரசின் அனுமதியில்லாமல் கச்சா எண்ணெய் விற்பதற்கு எதிராகத் தீர்மானம் போட்டது.

சிம்பிளாகச் சொன்னால் நிலைமை இதுதான்: துறைமுகத்தைப் பிடித்தவரால் எண்ணெயை விற்க முடியாது. ஆனால் வால்வை மூட முடியும். திரிபோலியில் இருப்பவரால் பணத்தைப் பிரித்துக் கொடுக்க முடியும். ஆனால் வால்வைத் திறக்க முடியாது.

மூடினால் கிடைக்கும்

இந்த அமைப்பு ஒரு விபரீதமான பாடத்தைக் கற்றுக்கொடுத்தது. ஒவ்வொரு முறை எண்ணெய் நின்றபோதும் என்ன கிடைத்தது என்று பாருங்கள்.

2020: முந்தைய ஆண்டு ஏப்ரலில், ஐ.நா. பொதுச் செயலாளர் லிபியாவில் இருக்கும்போதே, ஹஃப்தர் திரிபோலி மீது படையெடுத்தார். அந்தப் போர் நடந்துகொண்டிருந்த 2020 ஜனவரியில் அவர் தரப்பு எண்ணெய் ஏற்றுமதியை முடக்கியது. நாளொன்றுக்கு 12 லட்சம் பீப்பாயாக இருந்த உற்பத்தி, 1 லட்சத்துக்கும் கீழே விழுந்தது. எட்டு மாதம் கழித்து, வருமானத்தைப் பங்கிடுவது பற்றி உடன்பாடு ஏற்பட்ட பிறகே வால்வு திறந்தது.

2022: ஏப்ரலில் மறுபடி முடக்கம். ஜூலையில் எண்ணெய்க் கழகத்தின் தலைவர் முஸ்தஃபா சனல்லா நீக்கப்பட்டு, கடாஃபி காலத்தில் மத்திய வங்கி ஆளுநராக இருந்த ஃபர்ஹத் பென்குதாரா அமர்த்தப்பட்டார். எண்ணெய் ஓடத் தொடங்கியது.

2024: 2011-லிருந்து மத்திய வங்கி ஆளுநர் நாற்காலியில் இருந்த சாதிக் அல் கபீரை நீக்க, ஆகஸ்ட்டில் திரிபோலியில் உள்ள தலைமைக் கவுன்சில் உத்தரவு போட்டது. கிழக்கு அரசு பதிலுக்கு எண்ணெயை நிறுத்தியது. பாதுகாப்புக்கு அஞ்சி கபீர் நாட்டைவிட்டு வெளியேறினார். ஐ.நா. முன்னிலையில் பேச்சு நடந்து, இரு தரப்பும் ஏற்ற நாஜி இசா புதிய ஆளுநரானார். அக்டோபர் தொடக்கத்தில் எண்ணெய் திரும்ப ஓடியது.

ஒரு நாட்டின் மத்திய வங்கி ஆளுநரை மாற்றுவது, தேர்தலைவிடப் பெரிய அரசியல் நிகழ்வாக இருப்பது ஏன் என்று இப்போது புரியும். லிபியாவில் அரசின் வருமானத்தில் 90 சதவீதத்துக்கும் மேல் எண்ணெயிலிருந்து வருகிறது. அந்தப் பணத்தை யார் செலவு செய்யலாம் என்று கையெழுத்துப் போடும் நாற்காலி அது.

டெர்னா: கட்டாததும், இப்போது கட்டுவதும்

இந்தச் சண்டைக்குச் சாதாரண மக்கள் என்ன விலை கொடுக்கிறார்கள் என்பது 2023 செப்டம்பர் 10 இரவு தெரிந்தது. ‘டேனியல்’ புயலில் கிழக்குக் கடலோர நகரமான டெர்னாவுக்கு மேலே இருந்த இரண்டு அணைகளும் உடைந்தன. தண்ணீர் முழுத் தெருக்களையும் கடலுக்கு இழுத்துச் சென்றது. 4 ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் இறந்தது உறுதியானது. பல ஆயிரம் பேரைக் காணவேயில்லை.

1970-களில் கட்டப்பட்ட அணைகள் அவை. பழுது பார்க்க வெளிநாட்டு நிறுவனத்திடம் ஒப்பந்தம் கொடுக்கப்பட்டிருந்தது. 2011-ல் சண்டை தொடங்கியதும் வேலை நின்றது. அதன் பிறகு பராமரிப்புக்கு நிதி ஒதுக்கியும் வேலை நடக்கவில்லை என்பதை அரசின் தணிக்கை அமைப்பே 2021-ல் சுட்டிக்காட்டியிருந்தது. பணம் இல்லாமல் உடைந்த அணைகள் இல்லை அவை. பொறுப்பேற்க ஓர் அரசு இல்லாமல் உடைந்தவை.

வெள்ளம் வடிந்த ஒரு வாரத்தில் டெர்னா மக்கள் பெரிய பள்ளிவாசல் முன் திரண்டு போராடினார்கள். மேயரின் வீட்டுக்குத் தீ வைத்தார்கள். 2024 ஜூலையில் நீதிமன்றம் 12 அதிகாரிகளுக்குச் சிறைத் தண்டனை விதித்தது. மேலிடத்தில் இருந்த அரசியல்வாதிகள் யாரும் அந்தப் பட்டியலில் இல்லை.

இன்று டெர்னாவில் புதிய பாலங்கள், அடுக்குமாடி வீடுகள் எழுகின்றன. வேலை வேகமாக நடப்பதை மறுக்க முடியாது. ஆனால் யார் கட்டுகிறார்கள்? 2024-ல் கிழக்குத் தரப்பு உருவாக்கிய புனரமைப்பு நிதியத்தின் தலைவர், ஹஃப்தரின் மகன் பெல்காசிம் ஹஃப்தர். திரிபோலியிலும் கதை அவ்வளவு வேறு இல்லை. பிரதமர் அப்துல் ஹமீத் தபைபா, கடாஃபி காலத்தில் அரசுக் கட்டுமான நிறுவனம் ஒன்றின் தலைவராக இருந்தவர். சாலை, பூங்கா, மேம்பாலம் என்று அவர் தரப்பும் கட்டிக்கொண்டே இருக்கிறது. கிழக்குக்கு ஒரு கான்ட்ராக்ட் பட்டியல், மேற்குக்கு ஒரு கான்ட்ராக்ட் பட்டியல். இரண்டுக்கும் பொதுவாக, இரு தரப்பும் கட்டுப்படும் தணிக்கை மட்டும் இல்லை.

3 ரூபாய் பெட்ரோல் எங்கே போகிறது?

லிபியா கச்சா எண்ணெயை ஏற்றுமதி செய்கிறது; ஆனால் சுத்திகரிப்பு ஆலைகள் போதாததால் பெட்ரோலைப் பெருமளவு இறக்குமதி செய்கிறது. உலக விலைக்கு வாங்கி, 3 ரூபாய்க்கும் கீழே விற்கிறது. வித்தியாசம் முழுவதும் அரசின் தலையில். இவ்வளவு மலிவாக இருந்தால் என்ன ஆகும்? கடத்தல்தான். எல்லை தாண்டி துனிசியாவுக்கும், கடல் வழியாக மத்திய தரைக்கடல் நாடுகளுக்கும் போகிறது. தெற்கே இருக்கும் ஊர்களுக்கு வருவதற்குள் டேங்கர் லாரி காலியாகிவிடுகிறது. அங்கே கறுப்புச் சந்தையில் பல மடங்கு விலை கொடுக்க வேண்டும். ஷராரா வயலை மக்கள் மூடியதன் பின்னணி இதுதான்.

மானியத்தை நிறுத்திவிட்டு அந்தப் பணத்தை மக்களின் கணக்கில் நேரடியாகப் போடலாமே? பல முறை பேசினார்கள், செய்ய முடியவில்லை. கடத்தலில் லாபம் பார்ப்பவர்களில் ஆயுதக் குழுக்களும் உண்டு. ‘பணம் ஒழுங்காக வரும்’ என்று அரசு சொன்னால் நம்ப மக்களும் தயாரில்லை.

நம்பாததற்குக் காரணமும் இருக்கிறது. அரசுச் சம்பளப் பட்டியலில் 20 லட்சத்துக்கும் மேற்பட்டோர். நாட்டின் மக்கள்தொகையோடு ஒப்பிட்டால், கிட்டத்தட்ட வீட்டுக்கு ஒருவர். சம்பளம் தாமதமாகும் மாதங்கள் பல. வந்தாலும் அதன் மதிப்பு தேய்ந்துகொண்டே போகிறது. 2020 வரை ஒரு டாலருக்குச் சுமார் 1.4 தினார் என்றிருந்த அரசு விலை, 2021 ஜனவரியில் 4.48 ஆனது. 2025 ஏப்ரலில் மறுபடி 13 சதவீதம் குறைக்கப்பட்டு 5.5-ஐத் தாண்டியது. இரண்டு அரசுகளும் தனித்தனியாகச் செலவு செய்துகொண்டே போனால் நாணயம் தாங்காது என்று மத்திய வங்கியே எச்சரித்தது.

வெளிநாடுகளின் கணக்கு

திரிபோலி பக்கம் துருக்கி. 2019-ல் கடல் எல்லை ஒப்பந்தம் போட்டு, ராணுவ உதவியும் செய்து, ஹஃப்தரின் படையெடுப்பை முறியடிக்க உதவியது. ஹஃப்தர் பக்கம் எகிப்து, ஐக்கிய அரபு அமீரகம், ரஷ்யா. ரஷ்யாவின் வாக்னர் கூலிப்படை அங்கே போரிட்டது. எல்லோருக்கும் கண் எண்ணெய் மீதும் மத்திய தரைக்கடல் மீதும்.

ஆனால் அணிகள் நிரந்தரமில்லை. ஒரு காலத்தில் ஹஃப்தருக்கு எதிராக நின்ற துருக்கியே இப்போது அவர் குடும்பத்தோடும் உறவு வளர்க்கிறது. இத்தாலிக்குக் கவலை, எரிவாயுவும் அகதிப் படகுகளும். 2023 ஜனவரியில் இத்தாலியப் பிரதமர் மெலோனி திரிபோலி வந்தபோது, அந்நாட்டின் எனி நிறுவனம் 800 கோடி டாலர் எரிவாயு ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டது. எந்த அரசு உண்மையான அரசு என்ற கேள்வி தீரும்வரை ஒப்பந்தங்கள் காத்திருப்பதில்லை.

தேர்தல் என்ன ஆச்சு?

2020 அக்டோபரில் போர்நிறுத்தம். 2021 டிசம்பர் 24-ல் அதிபர் தேர்தல் என்று தேதியும் குறித்தார்கள். 28 லட்சம் பேர் வாக்காளர்களாகப் பதிவு செய்தார்கள். தபைபா, ஹஃப்தர், கடாஃபியின் மகன் சைஃப் அல் இஸ்லாம் என மூன்று பேரும் மனு போட்டார்கள். யார் போட்டியிடலாம் என்ற சட்டச் சண்டையிலேயே தேர்தல் தள்ளிப்போனது. இன்னும் நடக்கவில்லை. தேர்தலை நடத்தவே தேர்ந்தெடுக்கப்பட்ட இடைக்காலப் பிரதமர் தபைபா, ஆண்டுகள் கடந்தும் பதவியில் தொடர்ந்தார்.

யாருக்கு நஷ்டம்? பதவியில் இருப்பவர்களுக்கு இல்லை. தேர்தல் நடந்தால் ஒருவர் ஜெயிப்பார், மற்றவர்கள் கஜானாவை இழப்பார்கள். நடக்காவிட்டால் எல்லோருக்கும் பங்கு உண்டு. 2014-க்குப் பிறகு நாடாளுமன்றத்துக்கு வாக்களிக்கும் வாய்ப்பே கிடைக்காமல் ஒரு தலைமுறை வளர்ந்துவிட்டது.

வேறு வழியே இல்லையா?

பொருளாதார நிபுணர்கள் திரும்பத் திரும்பச் சொல்லும் விஷயங்கள் சில உண்டு. இரண்டு தரப்புக்கும் ஒரே பட்ஜெட். எண்ணெய் விற்ற பணம் எவ்வளவு, எங்கே போனது என்று மாதாமாதம் பகிரங்கக் கணக்கு. புனரமைப்பு நிதிக்கும் எண்ணெய்க் கழகத்துக்கும் வெளித் தணிக்கை. எண்ணெய் எடுக்கும் ஊர்களின் நகராட்சிகளுக்கு நேரடிப் பங்கு.

இவற்றில் சில முளைவிட்டதும் உண்டு. 2014-லிருந்து கிழக்கில் தனியாக இயங்கி, ரஷ்யாவில் நோட்டு அச்சடித்துக்கொண்ட மத்திய வங்கிக் கிளை, 2023-ல் திரிபோலியோடு இணைவதாக அறிவிக்கப்பட்டது. மத்திய வங்கியின் கணக்குகளைச் சர்வதேசத் தணிக்கை நிறுவனம் ஒன்று ஆராய்ந்து 2021-ல் அறிக்கையும் கொடுத்தது. கணக்கு கேட்பது சாத்தியம்தான் என்பதற்கு இவை சாட்சி.

ஆனால் 2025 மே மாதம் திரிபோலியில் ஓர் ஆயுதக் குழுத் தலைவர் கொல்லப்பட்டதும், அரசுச் சம்பளம் வாங்கும் குழுக்களே நகரின் நடுவில் ஒன்றையொன்று சுட்டுக்கொண்டன. 2011-ல் வாங்காமல் விட்ட அதே துப்பாக்கிகள்.

ஷராரா வயலில் எண்ணெய் மீண்டும் ஓடுகிறது. அங்கே போராடியவர்கள் கேட்ட சாலையும் சுத்திகரிப்பு ஆலையும் எப்போது வரும் என்பதை, பணத்தைப் பங்கிடும் மேஜையில் அவர்களுக்கு ஓர் இடம் கிடைக்கிறதா என்பதுதான் தீர்மானிக்கும். அதுவரை, தங்கள் குரல் கேட்க வேண்டும் என்றால் அவர்களுக்கும் தெரிந்த ஒரே வழி வால்வை மூடுவது.